யார் பையைச் சோதிக்கிறார்கள்?

(பள்ளி வளாகங்களில் ஆயுதத் தடை பற்றி மாணவர்கள் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'பள்ளி வளாகத்தில் ஆயுதத் தடை'. இதுல பேச என்ன இருக்குன்னு கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்குள்ள ஆயுதம் வரக் கூடாது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, எனக்கும் கிடையாது. அருவாளுக்கு அதிகமாக ரத்தம் கொடுத்தவர்கள் நாம். அருவாள் கூடாது என்று முதலில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். ஆனால் ஒரு விதி தாளில் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அது யார் கையில் இருக்கிறது, யார் பையைத் திறக்கிறது என்பது வேறொன்று. அந்த இரண்டாவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கவிஞர் என்று அறிமுகப்படுத்தினார்கள். இன்றைக்குக் கவிதை எதுவும் வாசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எழுதின ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன். நான் எழுதினதிலேயே அதிக சேதம் செய்தது அதுதான்.

2002இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்க பக்கம் கலவரங்கள் அடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடு வீடாக நொறுக்கியதும், 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்ததும் பெரியவங்க பேச்சில் தினமும் வந்துகிட்டிருந்த நேரம். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் சீட்டுக்காக இரண்டு தெருப் பையன்களுக்கும் கைகலப்பு. பெரிதாக ஒன்றுமில்லை, ஒருத்தனுக்குச் சட்டை கிழிந்தது. மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் பெரிய சார் மைக்கில் சொன்னார்: "இன்னைக்கு எல்லார் பையையும் செக் பண்ணப் போறோம். ஆயுதம் எவன் வச்சிருந்தாலும் டி.சி.தான்."

எல்லார் பையையும் என்றுதான் சொன்னார். விதி பொதுவானதுதான். வகுப்புக்கு மூன்று வாத்தியார்கள் வந்தார்கள். டிரில் வாத்தியார் வாசலில் நின்றபடியே, "கீழத்தெருப் பயலுவல்லாம் எந்திரிங்கல" என்றார். ஏழு பேர் எந்திரிச்சோம். எங்கள் ஏழு பையும் மேசையில் கவிழ்க்கப்பட்டன. மற்ற முப்பத்துச் சொச்சம் பை பெஞ்சிலேயே இருந்தது. என்னோட கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு முழுநீளத் தாளைக் கொடுத்து, அகப்படுகிறதை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். காம்பஸ் 4. டிவைடர் 2. பிளேடு 1. பிளேடு பென்சில் சீவ வைத்திருந்தது. ஆறாவது பையிலிருந்து துணி சுற்றின பன்னருவாள் ஒன்று விழுந்தது.

பன்னருவாள் எது என்று நகரத்தில் படிக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். கதிர் அறுக்கிறது, புல் அறுக்கிறது. ரம்பம் மாதிரி பல் இருக்கும், ஒரு முழம்கூட இருக்காது. அந்தப் பையன் பள்ளி விட்டுப் போகிற வழியில் வாய்க்கால் ஓரம் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு போவான். அவங்க வீட்டில் இரண்டு ஆடு. அது எனக்குத் தெரியும். பல நாள் நானும் கூடவே நின்று அறுத்திருக்கிறேன். ஏழு பேருக்குமே தெரியும்.

டிரில் வாத்தியார், "என்னலே பாத்துக்கிட்டு நிக்க, எழுதுல" என்றார். நான் எழுதினேன். 'அருவாள் - 1'.

பன்னருவாள் என்று எழுதியிருக்கலாம். இரண்டு எழுத்துதான் கூட. அது புல்லறுக்கிறது சார் என்று வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பயம். அன்று மத்தியானமே அவனுக்கு டி.சி. கிழித்துக் கொடுத்தார்கள். டி.சி.யில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஓர் இடம் இருக்குமே, அதில் 'திருப்தியில்லை' என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்த பிறகு பக்கத்து ஊரில் எந்தப் பள்ளியும் அவனைச் சேர்க்கவில்லை. அவனோட அம்மா மூன்று பள்ளி ஏறி இறங்கினாங்க. அதோடு அவன் படிப்பு முடிந்தது.

இதை அழுகைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறதே, அது ஆயுதம் என்றால் என்ன என்று வரையறுக்கிற இடத்திலேயே, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதக் கணக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாட்டின் சட்டத்துக்குப் புல்லறுக்கிற அருவாளும் ஆள்வெட்டுகிற அருவாளும் வேறு வேறு. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா? டிரில் வாத்தியார் வீட்டிலும் வயல் இருந்தது. பன்னருவாளை அவர் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கீழத்தெருப் பையன் பையிலிருந்து விழுந்தபோது அது ஆயுதமாகிவிட்டது. பொருளைப் பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. ஆளைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

சரி, அன்றைக்கு நிஜமான அருவாள் எங்கே இருந்தது? பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் மேலத்தெருப் பையன்களுக்கு மாமா முறை. கடைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருக்கிற வீச்சருவாள்களை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். அவர்கள் பையில் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. பையைச் சோதித்தால் புத்தகம்தான் இருக்கும். பள்ளிக்கூட விதி காம்பவுண்டுச் சுவரோடு முடிகிறது. எங்களுக்குப் பயம் தொடங்குவதே சுவருக்கு வெளியேதான்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். நாங்குநேரியை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன். உடன்படிக்கிற ஆதிக்க சாதி மாணவர்கள் தொல்லை செய்ததால் பள்ளிக்குப் போகாமலே இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அருவாள் பள்ளி வளாகத்துக்குள் வரவேயில்லை. பள்ளியில் அன்று எத்தனை பையைச் சோதித்திருந்தாலும் ஒன்றும் அகப்பட்டிருக்காது. ஆயுதத் தடை விதி அன்றைக்கு நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது! 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனைப் பரீட்சை எழுதப் போகிற வழியில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் ஜெயித்த ஆத்திரம் என்று செய்தி வந்தது. அங்கேயும் வளாகம் சுத்தமாகத்தான் இருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் புத்தகப் பையிலேயே அருவாள் கொண்டுவந்து வகுப்பறைக்குள் உடன்படிக்கிற மாணவனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். அதைச் சாதித் தாக்குதல் என்று நான் சொல்லவில்லை. அங்கே பை சோதனை இருந்திருந்தால் பயன்பட்டிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், சோதனையே வேண்டாம் என்பது நம் கட்சி அல்ல. சோதனை மட்டும் போதும் என்று நினைக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். இரும்பை மட்டும் தேடுகிற விதிக்குச் சாதி அகப்படாது.

சாதி மணிக்கட்டில் தெரிகிறது. நான் வங்கியில் வேலை செய்கிறவன். கல்வி உதவித்தொகைக்குக் கணக்குத் திறக்க ஜூன், ஜூலையில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். கையெழுத்துப் போடக் கை நீட்டும்போது பாரத்தில் இருக்கிற பேருக்கு முன்னால் கையில் இருக்கிற கயிற்றின் நிறம் கண்ணில் படும். இன்ன நிறம் இன்ன சாதி என்று அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். என் வேலை பாரத்தைச் சரிபார்ப்பது. கயிற்றைப் பற்றிக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அதிகாரம் உண்டு, அது என்ன செய்தது?

2019இல் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. சாதிக் கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உடனே எதிர்ப்பு வந்தது. அது இந்து மத நம்பிக்கையில் கை வைப்பதாம். துறை அமைச்சரே தனக்குத் தெரியாமல் விடப்பட்ட சுற்றறிக்கை என்று சொல்லிவிட்டார். கயிறு பழையபடி மணிக்கட்டில் இருந்தது. நான்கு வருஷம் கழித்து நாங்குநேரி. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். வண்ணக் கயிறு, சாதியைக் காட்டும் மோதிரம், நெற்றிக் குறி கூடாது என்றார். பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்றார். ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்துகிற சாதிக்காரரை அதே வட்டாரத்தில் தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது என்றார். நெற்றிக் குறி என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்களே தவிர, தலைமையாசிரியர் பற்றிய அந்தப் பரிந்துரையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால் அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பையைத் திறக்கிற கை யாருடையது என்ற கேள்வியை அது ஒன்றுதான் தொடுகிறது.

'எல்லாருக்கும் பொதுவான விதி' என்ற பேச்சைக் கேட்டால் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். 1997ஐ நினைத்துப் பாருங்கள். போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பெயர் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. வீரன் சுந்தரலிங்கம் என்று ஒரு தலித்தின் பெயர் பஸ்ஸில் வந்ததும் அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. பார்ப்பதற்குச் சமத்துவம். நடந்தது என்னவோ நம் பெயர் அழிந்ததுதான். மற்ற பெயர்கள் சிலையில் இருக்கின்றன, தெருவில் இருக்கின்றன, மணிக்கட்டிலும் இருக்கின்றன.

பொது விதி ஒடுக்கப்பட்டவன் தலையில் மட்டும் விடிவது நம் ஊரோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் நிறையக் கற்றிருக்கிறோம், இதையும் அங்கே பார்க்கலாம். அமெரிக்காவில் 1994இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் மாநிலத்துக்கு மத்திய அரசின் கல்வி நிதி கிடையாது. துப்பாக்கி மலிந்த நாட்டில் தேவையான சட்டம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பள்ளிகள் 'சகிப்பே கிடையாது' என்ற கொள்கைக்குப் போயின. துப்பாக்கி என்று தொடங்கியது நகவெட்டி வரைக்கும் வந்தது, அடுத்து எதிர்த்துப் பேசுவதும் குற்றமானது. வெளியே தள்ளப்பட்டது யார்? கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைப் போல மூன்று மடங்கு விகிதத்தில் நீக்கப்படுகிறார்கள் என்று 2014இல் அந்நாட்டு அரசே ஒத்துக்கொண்டது. அதைத் திருத்தச் சொல்லி அப்போது கொடுத்த வழிகாட்டுதலை 2018இல் அடுத்து வந்த அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. விதியில் கறுப்பு, வெள்ளை என்று ஒரு சொல் கிடையாது. எங்கள் பெரிய சாரும் கீழத்தெரு என்று மைக்கில் சொல்லவில்லை.

அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வியை எழுப்புகிறார். இவ்வளவு கொடுமைக்கும் இந்த மக்கள் ஏன் திருப்பி எழவில்லை? நால்வருணம் அவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்தது, கல்வியையும் பறித்தது என்பது அவர் சொல்லும் காரணம். கல்வியையும் அவர் விடுதலைக்கான ஆயுதங்களில் ஒன்றாகவே எண்ணுகிறார். இதை நான் டி.சி.யோடு சேர்த்துப் படிக்கிறேன். அன்று அவன் பையிலிருந்து எடுத்தது ஆட்டுக்குப் புல் அறுக்கிற பன்னருவாள். நிஜமாகப் பறித்தது பள்ளிக்கூடத்தை. ஆயுதத்தை ஒழிக்கிறோம் என்ற பேரில் அம்பேத்கர் சொன்ன அந்த ஆயுதத்தைத்தான் பிடுங்கினார்கள்.

அதனால் தோழர்களே, விதியை எதிர்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அதை எப்படி எழுத வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றுகிறதைச் சொல்கிறேன், விவாதியுங்கள்.

ஒன்று. சோதனை என்றால் வகுப்பில் இருக்கிற அத்தனை பையும் திறக்கப்பட வேண்டும். தெருப் பெயர் சொல்லி எழுப்புவதை வன்கொடுமையாகவே கருத வேண்டும். அகப்பட்டதை மாணவன் வாயால் என்ன சொல்கிறான் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். காம்பஸுக்கும் கத்திக்கும், பன்னருவாளுக்கும் வீச்சருவாளுக்கும் பட்டியலில் வேறு வேறு பெயர் வேண்டும்.

இரண்டு. விசாரணை இல்லாமல் டி.சி. கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு ஏன் நின்றுபோகிறது என்று கேட்க வேண்டும்.

மூன்று, இதுதான் முக்கியம். விதி பையிலிருந்து தொடங்கக் கூடாது, புகாரிலிருந்து தொடங்க வேண்டும். நாங்குநேரி மாணவன் பள்ளியில் வாய் திறந்த அந்த நேரத்தில் விதி விழித்திருக்க வேண்டும். புகார் சொன்ன பிள்ளை அன்றைக்கு எப்படி வீடு போகும், ராத்திரி வீட்டுக்கு யார் காவல் என்பதைப் பள்ளி அப்போதே காவல்துறையிடம் கேட்டிருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உரிமை தருகிறது. ஆனால் அது வழக்கு என்று ஒன்று வந்த பிறகு. தலைமையாசிரியர் அறையில் சொல்லப்படும் புகாருக்கும் அதே மதிப்பு வேண்டும்.

நான்கு. பஸ்ஸும் பாதையும் பள்ளியின் பகுதிதான். வளாகம் என்ற சொல்லுக்குள் அவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. வெட்டின பையன்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். பதினாறு, பதினேழு வயசு. அந்தக் கையில் அருவாளையும் கயிறையும் கொடுத்தவர்கள் பெரியவர்கள். சிறுவர்களைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெரியவர்களை விட்டுவிடுகிற வழக்கை நாம் நீதி என்று ஒப்புக்கொள்ள முடியாது. நம் பிள்ளை ஒருத்தன் பயத்தில் பையில் எதையாவது வைத்துக்கொண்டு போக நினைத்தால் அவனையும் நாம்தான் தடுக்க வேண்டும். அவர்களுடைய அருவாள் சைக்கிள் கடையில் இருக்கும், நம்முடையது மட்டும் பட்டியலில் ஏறும்.

நாங்குநேரி மாணவன் 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 எடுத்தான். வெட்டுப்பட்ட கையோடு அவன் பள்ளிக்கூடத்தை விடாமல் பிடித்திருந்தான். என்னோடு படித்தவனுக்கு அந்த வாய்ப்பும் கொடுக்கப்படவில்லை. அவன் இப்போது கொத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர்க் கொடையில் பார்த்தேன். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன், "நான் அன்னைக்கு எழுதுனது உனக்குத் தெரியுமால?" என்று. "தெரியும். மேசை மேலதான கெடந்துச்சு. நீ 'ரு' போடும்போது கை நடுங்கிச்சு" என்றான். பிறகு தன் மகளைக் கூப்பிட்டு எனக்குக் காட்டினான். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். "இவ பள்ளிக்கூடத்துலயும் பை செக் பண்றாங்களாம். எல்லார் பையையுமா, நம்ம பிள்ளைய பைய மட்டுமான்னு கேட்டுச் சொல்லு. நீ பேங்க்ல இருக்கவன், நீ கேட்டாச் சொல்லுவாங்க" என்றான்.

போய்க் கேட்டேன். எல்லார் பையையும்தான் என்று சொன்னார்கள். எங்கள் பெரிய சாரும் அப்படித்தான் சொன்னார். அதனால் சோதனைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றேன். அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். இப்போது எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இங்கே இருக்கிற மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: யார் சோதித்தார்கள், யார் பையைச் சோதித்தார்கள், என்ன பெயரில் எழுதினார்கள்? வருகிற பதில்களை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அந்தப் பட்டியலை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

ஜெய்பீம்.